கையால் அழுத்தும் எஸ்பிரெஸ்ஸோ: ரோபோட், ஃபிளேர், பவோனி, கூடவே எந்த கிரைண்டர்?

வீட்டில் எஸ்பிரெஸ்ஸோ போட வேண்டும், ஆனால் பம்ப் வைத்த மெஷின் வேண்டாம், கையால் லீவரை அழுத்தித்தான் இறக்க வேண்டும் என்று முடிவு செய்தவர்கள் பெரும்பாலும் மூன்று பெயர்களில் வந்து நிற்பார்கள். கேஃப்லாட் ரோபோட், ஃபிளேர், லா பவோனி யூரோபிக்கோலா. ரோபோட் நான்கு வருடமாக என் சமையலறை மேடையில் இருக்கிறது. அதற்கு முன் இரண்டு வருடம் ஃபிளேர் ப்ரோ 2 வைத்திருந்தேன். பவோனி பெங்களூரில் அண்ணன் வீட்டில் இருக்கிறது. அங்கே போகும் நாட்களில் காலைக் காபி என் பொறுப்பு. மூன்றிலும் கை பழகியதால் இதை எழுதுகிறேன்.

எஸ்பிரெஸ்ஸோ என்றதும் கல்யாண மண்டபத்தில் ஆவி சீறச் சீற நுரையோடு தரும் பால் காபி ஞாபகம் வந்தால், அது வேறு. அங்கே ஆவி பாலைச் சுட வைக்கிறது, அவ்வளவுதான். இங்கே பேசுவது, பொடியாக அரைத்த தூளுக்குள் வெந்நீரை 6 முதல் 9 பார் அழுத்தத்தில் தள்ளி, அரை நிமிடத்தில் இறக்கும் 35 கிராம் அளவு கெட்டிக் காபி.

லீவர் என்றால் பம்ப் வாங்க முடியாதவர்களின் மாற்று என்று ஒரு நினைப்பு உண்டு. நடந்தது நேர் எதிர். 1900களின் தொடக்கத்தில் வந்த இத்தாலிய மெஷின்கள் ஆவியின் பலத்தில் ஓடின. அழுத்தம் ஒன்றரை பாரைத் தாண்டவில்லை. வந்த காபியின் மேல் கிரீமா என்கிற அந்தப் பொன்னிற நுரை இல்லை. மிலான் நகரத்து அகில்லே காஜியா 1940களின் இறுதியில் பிஸ்டனும் லீவரும் வைத்த மெஷினைக் கொண்டுவந்த பிறகுதான் கிரீமா வந்தது. பம்பை எல்லோருக்கும் பழக்கிய ஃபேமா இ61 வந்தது 1961இல். வீட்டு லீவர் மெஷினான யூரோபிக்கோலாவும் அதே வருடம்தான். ஆக, இன்று நாம் எஸ்பிரெஸ்ஸோ என்று சொல்வதையே உருவாக்கித் தந்தது லீவர்.

கை எவ்வளவு பலம் போட வேண்டும்?

வாங்குவதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். 9 பார் என்றால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒன்பது கிலோவுக்குச் சற்று மேல். ரோபோட்டில் தூள் போடும் கூடை 58 மில்லிமீட்டர் விட்டம். பரப்பு 26 சதுர சென்டிமீட்டருக்கு மேல். அப்படியானால் தூளின் மேல் ஏறக்குறைய 240 கிலோ விழ வேண்டும். பவோனியின் கூடை 51 மில்லிமீட்டர், அதற்கு 185 கிலோ வாக்கில் போதும். நெம்புகோல் இதைப் பல மடங்கு குறைத்துத் தருகிறது என்றாலும், கூடை அகலமாக ஆக உழைப்பு கூடும் என்பது மாறாது.

ரோபோட்டில் இரு பக்கமும் இரண்டு லீவர் கை இருப்பதால் பாரம் சமமாகப் பிரிகிறது. மெஷினும் ஒரு பக்கம் சாயாது. நானும் தினமும் 9 பாருக்குப் போவதில்லை. 6 அல்லது 7 பாரிலேயே நல்ல காபி இறங்குகிறது. மேடை இடுப்பு உயரத்தில் இருந்தால் உடம்பின் பாரமே வேலையைச் செய்துவிடும். மேடை உயரமாக இருக்கும் வீட்டில், தோள் வலி உள்ளவர்கள் 58 மில்லிமீட்டர் மெஷினை வாங்கும் முன் எங்காவது ஒருமுறை அழுத்திப் பார்த்துவிடுவது நல்லது. ஃபிளேரின் சிறிய மாடல்கள் இந்த விஷயத்தில் ரொம்ப இலகு.

மூன்று மெஷின், மூன்று காலைகள்

ரோபோட்டைத்தான் முதலில் சொல்வேன். பால் பிராட் வடிவமைத்தது. 1950களின் ஃபேமா பேபி என்ற குட்டி மெஷினை மனதில் வைத்துச் செய்தது. இதில் பாய்லர் இல்லை, வயர் இல்லை. ஆழமான ஸ்டீல் கூடையில் தூளைப் போட்டு, அழுத்தி, மேலே சல்லடைத் தகடு வைத்து, கெட்டிலில் கொதித்த தண்ணீரை நேராக அதே கூடையில் ஊற்ற வேண்டும். லீவர் கைகளைத் தூக்கி வைத்து, கூடையை மாட்டி, மெதுவாகக் கீழே அழுத்தினால் காபி. தண்ணீர் வேறொரு உலோக அறைக்குள் போய்ச் சூட்டை இழந்து வருவதில்லை என்பதால், நடுத்தர வறுவலுக்கும் கருவறுவலுக்கும் முன்கூட்டிச் சூடு பண்ணும் வேலையே கிடையாது. கரண்ட் போன காலையில்கூட கேஸ் அடுப்பில் தண்ணீர் வைத்தால் போதும். அடுத்தடுத்து இரண்டு பேருக்குப் போட ஐந்தாறு நிமிடம் ஆகிறது. கழுவுவதும் சுலபம். குறை என்று சொன்னால் அந்தச் சல்லடைத் தகடுதான்: காபி இறங்கியதும் சுடச்சுடச் சக்கையில் ஒட்டிக்கொண்டிருக்கும், ஸ்பூனால் தட்டி எடுக்க வேண்டும். அழுத்தமானி உள்ள மாடல், இல்லாத மாடல் என்று இரண்டு வருகிறது. புதிதாகப் பழகுபவர்கள் மானி உள்ளதையே எடுங்கள். ஆறு மாதம் கழித்து அதைப் பார்க்காமலே கை சொல்லிவிடும். ஆனால் அந்த ஆறு மாதத்துக்கு அது வாத்தியார்.

ஃபிளேர் ஒரு மெஷின் இல்லை, ஒரு குடும்பம். நியோ ஃப்ளெக்ஸ் அதில் விலை குறைந்தது. லீவர் காபி நமக்கு ஒத்துவருமா என்று பார்க்க அதைவிட நல்ல வழி இல்லை. ப்ரோ 2 தண்ணீர் ஊற்றக் கனமான ஸ்டீல் உருளை கொண்டது. அதன் காபி ருசிக்கு நான் இன்றும் குறை சொல்ல மாட்டேன். காலை நேரத்துக்குத்தான் அது பொருந்தவில்லை. உருளையைக் கெட்டிலின் ஆவியிலோ கொதிநீரிலோ வைத்து நன்றாகச் சூடாக்காவிட்டால், ஊற்றும் தண்ணீர் பத்து டிகிரிக்கு மேல் எளிதாக இறங்கிவிடும். காபி புளிக்கும். சூடாக்கிய உருளையைத் துணியால் பிடித்துப் பொருத்தி, தண்ணீர் ஊற்றி, பிஸ்டனை வைத்து அழுத்தி, பிறகு அந்தச் சூட்டோடு கழற்றிக் கழுவி, அடுத்தவருக்கு மறுபடி முதலிலிருந்து. தனி ஆளுக்கு இது நிதானமான, அழகான சடங்கு. ஸ்கூல் வேன் வரும் வீட்டில் இரண்டாவது காபிக்குப் பொறுமை இருக்காது. நான் ரோபோட்டுக்கு மாறியதற்கு இது ஒன்றுதான் காரணம்.

ஃபிளேர் 58 இந்தச் சிக்கலை மின்சாரத்தால் தீர்க்கிறது. தண்ணீர் நிற்கும் தலைப்பகுதியைச் சூடாக்க மூன்று நிலைகள் வைத்திருக்கிறார்கள். இளவறுவல் கொட்டையை எஸ்பிரெஸ்ஸோவாகக் குடிப்பவர்கள் வேறெதையும் பார்க்க வேண்டாம், அதற்குத் தேவையான சூட்டை விடாமல் தருவது இந்த மூன்று பெயர்களில் இதுதான். மலை ஊர்க்காரர்களுக்கும் அப்படியே. ஊட்டியில் தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும்; அதிலிருந்து ஒரு டிகிரிகூட வீணாகக்கூடாது.

அப்புறம் பவோனி. மேடையில் வைத்தாலே வீடு அழகாகிவிடும் மெஷின் அது. ஒரு லிட்டருக்கும் சற்றுக் குறைவான பாய்லர், கரண்டில் சூடாகும், பத்து நிமிடத்தில் தயார். லீவரைத் தூக்கினால் பாய்லரிலிருந்து தண்ணீர் தானாகத் தூளின் மேல் வந்து நிற்கும். சில நொடி ஊறவிட்டு அழுத்த வேண்டும். கெட்டில் தனியாகத் தேவையில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, மூன்றில் பாலை ஆவியால் நுரைக்க வைக்கும் குழாய் இதில் மட்டும்தான் உண்டு. கப்புச்சினோ வேண்டும் என்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை, பவோனிதான்.

ஆனால் அது கவனம் கேட்கும். இரண்டு மூன்று காபிக்குப் பிறகு தலைப்பகுதி அதிகமாகச் சூடேறி ருசி கசப்பாகும். ஈரத்துணி சுற்றி ஆறவைக்க வேண்டியிருக்கும். காபி இறங்கி முடித்த கையோடு கைப்பிடிக் கூடையைத் திருகி எடுத்தால், உள்ளே மிச்சமிருக்கும் அழுத்தம் சூடான தூளை முகத்தில் அடிக்கும். அரை நிமிடம் காத்திருங்கள். பாய்லர் சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது, சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதை இரண்டு முறை யோசிக்கச் சொல்வேன். சென்னை போல உப்புத் தண்ணீர் ஊரில் பாய்லருக்குள் சுண்ணாம்பு படியும். வடிகட்டிய தண்ணீர் கட்டாயம். ரோபோட்டுக்கும் கையால் தண்ணீர் ஊற்றும் ஃபிளேருக்கும் பாய்லரே இல்லாததால் இந்தத் தொல்லை கிடையாது.

கிரைண்டர்தான் முடிவு செய்கிறது

மெஷினைப் பற்றி இவ்வளவு சொன்னாலும், என்னிடம் கேட்பவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது கிரைண்டரைத்தான். அண்ணன் பவோனி வாங்கிய புதிதில் கடையில் அரைத்து வந்த தூளைப் போட்டார். லீவர் ஒரு எதிர்ப்பும் இல்லாமல் விழுந்தது. பத்து நொடியில் கப் நிறைய வெளிறிய தண்ணீர். மெஷின் பழுது என்றே நினைத்துவிட்டார். அடுத்த முறை நான் போனபோது என் கை கிரைண்டரை எடுத்துப் போனேன். அதே கடையின் அதே கொட்டைதான், அன்று காலையில் அரைத்தது. லீவர் வெண்ணெய்க்குள் இறங்குவது போல நிதானமாக இறங்கியது. "இது நம்ம ஃபில்டர் காபி மாதிரி இல்ல தம்பி, ஆனா விடவும் மனசு வரல" என்றார் அண்ணி.

பம்ப் இல்லாத மெஷினில் தண்ணீரைத் தடுத்து நிறுத்துவது தூள் மட்டும்தான். தூள் பருமனாக இருந்தால் தண்ணீர் ஓடிவிடும். சமமில்லாமல் இருந்தால் ஒரு பக்கமாக வழி கண்டுபிடித்துப் பாயும். புளிப்பும் கசப்பும் சேர்ந்து வரும். மிக்சியில் அடித்த தூள் இதனால்தான் ஆகாது. பீங்கான் பற்கள் வைத்த மலிவான கை கிரைண்டர் ஒன்று நானும் வைத்திருந்தேன். அச்சு ஆடும், ஒரே பிடியில் மாவும் ரவையுமாக விழும். ஐந்து நிமிடம் சுற்றி வந்த தூளில் ஒரு நல்ல காபிகூட இறக்க முடியவில்லை.

நல்ல கை கிரைண்டர்களை ஒப்பிடும்போது பார்க்க வேண்டியது, அரைக்கும் அளவை மாற்றும் வளையத்தை ஒரு கிளிக் திருப்பினால் பற்கள் எவ்வளவு நகர்கின்றன என்பது. ஒன்ஸெட்பிரெஸ்ஸோ ஜே-அல்ட்ராவில் 8 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). கிங்ரைண்டர் கே6இல் 16. ஜெர்மனியின் கொமாண்டான்டே சி40இல் 30. ரெட் கிளிக்ஸ் என்ற உதிரியைப் போட்டால் 15. எஸ்பிரெஸ்ஸோவில் 30 மைக்ரான் பெரிய தாவல், ஒரு கிளிக்கில் ஓட்டமாக இருந்தது அடைப்பாகிவிடும். சி40 மிக நல்ல கிரைண்டர். ஆனால் அதன் பலம் மேலிருந்து தண்ணீர் ஊற்றி வடிக்கும் காபியில்தான். லீவருக்காக மட்டும் வாங்குகிறீர்கள் என்றால் அவ்வளவு பணம் போட வேண்டாம்.

ஜே-அல்ட்ராவா கே6ஆ என்பதில்தான் உண்மையான போட்டி. இரண்டிலும் 48 மில்லிமீட்டர் ஸ்டீல் பற்கள், இரண்டிலும் அளவை வெளியிலிருந்தே திருப்பலாம். என்னிடம் இருப்பது ஜே-அல்ட்ரா. 16 கிராம் கொட்டையை முக்கால் நிமிடத்தில் அரைத்துவிடுகிறேன். ஒரு கிளிக் மாற்றினால் காபி இறங்கும் நேரம் இரண்டு மூன்று நொடிதான் மாறும். அண்ணன் பிறகு வாங்கியது கே6. அதில் அந்த வித்தியாசம் ஐந்து நொடி வரை போகிறது.

பம்ப் மெஷின் என்றால் யோசிக்காமல் ஜே-அல்ட்ராவைச் சொல்லியிருப்பேன். லீவரில் கணக்கு மாறுகிறது. தூள் ஒரு பொட்டு பருமனாகிவிட்டதா, கை 6 பாரோடு நிறுத்திக்கொள்ளும். ஒரு பொட்டு நைசாகிவிட்டதா, முதலில் லேசாக அழுத்திப் பத்து நொடி ஊறவிட்டுப் பிறகு பலம் கூட்டலாம். இரண்டு கிளிக்குக்கு நடுவில் இருக்கும் இடைவெளியைக் கையே நிரப்பிவிடுகிறது. அதனால் லீவர் வைத்திருப்பவர்களுக்கு விலை குறைந்த கே6 தாராளமாகப் போதும். மிச்சப் பணத்தை நல்ல கொட்டைக்கும், 0.1 கிராம் காட்டும் தராசுக்கும் போடுங்கள்.

கொட்டை பற்றி இரண்டே வார்த்தை. சிக்கரி கலந்தது இந்தக் கூடைக்குள் வேண்டாம், அடைத்துக்கொள்ளும். அதன் இடம் பித்தளை ஃபில்டர். வறுத்து ஒரு வாரம் ஆன சிக்மகளூர் அல்லது ஏற்காடு அரபிகாவில் கால் பங்கு நல்ல ரோபஸ்டா சேர்த்தால் கிரீமா கெட்டியாக நிற்கும். புளிப்பே பிடிக்காதவர்களுக்குப் பருவமழைக் காற்றில் பதப்படுத்திய மான்சூன்ட் மலபார். இத்தாலிக்காரர்களே தங்கள் கலவையில் சேர்த்துக்கொள்ளும் கொட்டை அது.

சரி, எதை வாங்குவது? இரண்டு பேர் குடிக்கும் வீடு, நடுத்தர வறுவல் என்றால் ரோபோட்டும் கே6உம். தனி ஆள், இளவறுவல் என்றால் ஃபிளேர் 58உம் ஜே-அல்ட்ராவும். கப்புச்சினோ இல்லாமல் முடியாது, மெஷினோடு மெனக்கெடப் பிடிக்கும் என்றால் பவோனி. ரோபோட்டில் 16 கிராம் போட்டு 34 கிராம் இறக்கி, சுண்டக் காய்ச்சிய பால் அரை டம்ளர் சேர்த்து டபராவில் இரண்டு ஆற்று ஆற்றினால், ஆவிக்குழாய் இல்லையே என்ற எண்ணம் எங்கள் வீட்டில் யாருக்கும் வந்ததில்லை.

பணம் மொத்தமாகக் கையில் இல்லை என்றால் கிரைண்டரை முதலில் வாங்குங்கள். மெஷின் வரும் வரை அதே கிரைண்டரில் சற்றுப் பருமனாக அரைத்து, வீட்டு ஃபில்டரிலேயே டிகாக்‌ஷன் போட்டுக் குடிக்கலாம்.