பேனாக்கத்தி, லாக் கத்தி, உறைக்கத்தி: எதைப் பையில் போட்டால் வம்பு இல்லை?

கத்தி வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது, "எத்தனை அங்குலம் வரை கொண்டுபோகலாம்?" என்பதுதான். அளவு சரியாக இருந்தும் மாட்டிக்கொள்ள நிறைய வழி இருக்கிறது. வீட்டில் வைத்திருப்பது வேறு, வெளியே எடுத்துப் போவது வேறு. சிக்கல் பெரும்பாலும் இரண்டாவதில்தான். அதனால் மூன்று வகைக் கத்திகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் எந்த நாட்டில் எப்படித் தேறுகிறது என்று பார்த்துவிடலாம்.

உறைக்கத்தி மடங்காது, உறையில் செருகி வைப்பது. மற்ற இரண்டும் மடங்குபவை. முதலில் பேனாக்கத்திக்கும் லாக் கத்திக்கும் உள்ள வித்தியாசம். திறந்த பேனாக்கத்தியின் முதுகைக் கொஞ்சம் அழுத்தினாலே உள்ளே இருக்கும் வில் விட்டுக்கொடுத்துவிடும், பிளேடு பிடிக்குள் மடங்கும். லாக் கத்தியோ திறந்ததும் 'க்ளிக்' என்று நின்றுவிடும். அந்த லாக்கை விடுவித்தால்தான் மடங்கும். வேலை செய்கிறவனுக்கு லாக் கத்திதான் நல்லது, விரல் தப்பும். பிரிட்டன் சட்டத்தின் கணக்கு இதற்கு நேர் எதிர். 1988-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு மிகாத மடக்குக் கத்தியைக் காரணம் எதுவும் சொல்லாமலே பையில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் லாக் விழுந்தால் அது மடக்குக் கத்தியே இல்லை, மடங்காத கத்திக்குச் சமம் என்று அங்கே நீதிமன்றங்கள் சொல்லிவிட்டன. இரண்டு அங்குல லாக் கத்திக்கும் தகுந்த காரணம் வேண்டும். குறடும் திருப்புளியும் சேர்ந்த மல்ட்டி டூலில் பலவற்றின் பிளேடு லாக் ஆகும். வாங்கும்போது அதை யாரும் கவனிப்பதில்லை.

ஜெர்மனியில் லாக் மட்டும் இருந்தால் பிரச்சினை இல்லை. ஒற்றைக் கையால் திறக்கவும் முடிந்து, லாக்கும் விழுந்தால்தான் 2008 முதல் தடை. மடங்காத கத்தியோ 12 செ.மீ. வரை பொதுவாகப் பரவாயில்லை. ஆக, பார்வைக்கு முரடான சின்ன உறைக்கத்தி தேறிவிடுகிறது, சாதுவாகத் தெரியும் மடக்குக் கத்தி தோற்றுவிடுகிறது. இதில் வேடிக்கை, ஜெர்மன் ராணுவம் தன் வீரர்களுக்குக் கொடுத்த சுவிஸ் கத்தியே ஒற்றைக் கையால் திறந்து லாக் ஆகிற வகைதான். 2024 அக்டோபரில் சட்டம் இன்னும் இறுகி, பொது விழாக்களில் எந்தக் கத்திக்கும் இடமில்லாமல் போனது.

ஜப்பானில் உண்மையாகவே அளவுகோலை எடுக்கிறார்கள். பிளேடு 6 செ.மீ.க்கு மேல் போனால் நியாயமான காரணம் தேவை. லாக் இல்லாத ஒல்லியான மடக்குக் கத்திக்கு மட்டும் 8 செ.மீ. வரை சலுகை உண்டு. 6 செ.மீ.க்குக் கீழே இருந்தாலும் காரணமில்லாமல் மறைத்து வைத்திருந்தால் சிறு குற்றங்களுக்கான சட்டம் பாயலாம். டோக்கியோவின் அகிஹபாராவில் 2008-இல் நடந்த கொலைகளுக்குப் பிறகு, இருபுறமும் கூருள்ள, 5.5 செ.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட குத்துக்கத்தியை வீட்டில் வைத்திருப்பதே குற்றமாகிவிட்டது.

அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் கதை மாறும். டெக்சஸில் 2017 செப்டம்பர் முதல் 5.5 அங்குலத்தைத் தாண்டிய கத்தியையும் பெரியவர்கள் கொண்டுபோகலாம். பள்ளிக்கூடம், மதுக்கூடம் போன்ற சில இடங்களுக்கு மட்டும் கூடாது. கலிபோர்னியாவில் உறைக்கத்தி இடுப்பில் வெளிப்படையாகத் தொங்க வேண்டும், சட்டைக்குள் செருகினால் குற்றம். மடக்குக் கத்தியை மடக்கியபடி பாக்கெட்டில் வைக்கலாம். பட்டனை அழுத்தினால் தானே திறக்கும் பட்டன் கத்தி என்றால் பிளேடு 2 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். பிரிட்டனிலோ பட்டன் கத்தியை வீட்டு அலமாரியில் வைத்திருந்தாலும் குற்றம்தான்.

இந்திய விதிகள் 9 அங்குல நீளம், 2 அங்குல அகலம் என்று கோடு போடுகின்றன. ஆனால் வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் என்று செய்தவை அந்தக் கணக்கில் வராது. எதற்காகச் செய்த கத்தி என்பதுதான் அங்கே பெரிய கேள்வி.

எந்த வகைக் கத்தியாக இருந்தாலும், "ஏன் வைத்திருக்கிறாய்?" என்று போலீஸ் கேட்டால் "தற்காப்புக்கு" என்று பலர் வெகுளியாகச் சொல்லிவிடுவார்கள். பிரிட்டனிலும் ஜப்பானிலும் இதைவிட மோசமான பதில் கிடையாது. சமையல்காரர் வேலைக்குப் போகும்போது கத்திகளைச் சுருட்டி வைத்த பையைத் தூக்கிக்கொண்டு போகலாம். அதையே வேலை முடிந்து கேளிக்கை விடுதிக்குக் கொண்டுபோனால் அந்தக் காரணம் செல்லாது. போன வாரம் மீன் பிடிக்கப் போனேன், வண்டியிலேயே மறந்துவிட்டேன் என்பதும் பிரிட்டனில் தனியே நிற்காது.

விமானத்தின் கேபினுக்குள் பல நாடுகளில் மூன்றுக்கும் இடமில்லை. சாவிக்கொத்தில் தொங்கிய விரல்நீளக் கத்தியை மறந்துபோய், சோதனை மேசையருகே குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வந்தவன் நான். 2.36 அங்குலம் வரை அனுமதிக்கலாம் என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு (TSA) 2013-இல் கிளப்பிய திட்டமும் சில மாதங்களில் வாபஸ் ஆனது. கீழே போகும் பெட்டியில் வைத்துவிட்டால் தொல்லையில்லை.

என் தேர்வு? நாடு விட்டு நாடு போகிறவருக்கு லாக் இல்லாத, 6 செ.மீ.க்கு உட்பட்ட பேனாக்கத்தி. கயிறு அறுக்க, பழம் நறுக்க அது போதும். காட்டில் கூடாரம் போடுகிறவருக்கு உறைக்கத்தி, அதுவும் போய்ச் சேரும் வரை மூட்டையின் அடியில். லாக் கத்திதான் மூன்றிலும் சிறந்த கருவி, ஆனால் கேள்விகளும் அதற்குத்தான் அதிகம். அதுதான் வேண்டும் என்றால் கருவிப் பெட்டிக்கு ஒரு சின்னப் பூட்டும் வாங்கிவிடுங்கள். பூட்டிய பெட்டிக்குள் இருந்து பயணிக்கும் கத்தியை ஜெர்மன் சட்டம் விட்டுவிடுகிறது.