அப்பாவின் மைலோ டின்னோடு ஒரு நாணயக் கடைக்குப் போனேன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வீட்டில் பழைய நாணயங்களை வைத்துக்கொண்டு யாரிடம் காட்டுவது என்று யோசிப்பவர்கள் இந்தக் கடைக்குத் தயங்காமல் போகலாம். சிங்கப்பூரில் சிட்டி ஹால் எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு பழைய கடைத்தொகுதி, மூன்றாம் மாடி, கடிகாரம் பழுதுபார்ப்பவருக்கும் தையல்காரருக்கும் நடுவே. பெரிய பலகை கிடையாது. கண்ணாடிக் கதவில் ஒட்டியிருக்கும், கப்பல் போட்ட பழைய பண நோட்டின் படம்தான் அடையாளம்.

நான் கொண்டுபோனது அப்பா காசு சேர்த்துவைத்த பழைய மைலோ பானத்தூள் டின். அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். கப்பலில் வருகிறவர்கள் கொடுக்கும் சில்லறை, தேக்கா சந்தையில் மீன் வாங்கும்போது மீதியோடு கலந்து வரும் புருணை காசு (1967 ஒப்பந்தப்படி நம் வெள்ளியும், அதாவது டாலரும், புருணை வெள்ளியும் ஒரே மதிப்பு, அதனால் அது சகஜமாகக் கைக்கு வரும்), ஞாயிற்றுக்கிழமைகளில் சுங்கை ரோடு சந்தையில் தரையில் விரித்த சாக்கில் பேரம் பேசி எடுத்தவை, எல்லாம் அந்த டின்னுக்குள் போகும். அந்தச் சந்தையை 2017 ஜூலையில் மூடிவிட்டார்கள், அன்று அப்பா இரவு சாப்பிடவே இல்லை.

சாப்பாடு முடிந்ததும் தரையில் பேப்பரை விரித்து டின்னைக் கவிழ்ப்போம். ஆண்டைப் படிப்பது என் வேலை. அப்பா கையில் உடைந்த ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் இருக்கும். 1 காசு நாணயம் முதலில் வெண்கலத்தில் வந்தது, 1976-இல் தாமிரம் பூசிய எஃகிலும் வரத் தொடங்கியது, கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். காந்தத்தில் டப்பென்று ஒட்டினால் ஒரு குவியல், ஒட்டாவிட்டால் இன்னொன்று. "ஆத்தா, ஒட்டலை பாரு, இது பழசு" என்று அவர் நீட்டும்போது அதன் செம்பு வாசம் விரலில் ஏறிக்கொள்ளும். 10 காசின் கடற்குதிரை, 20 காசின் வாள்மீன், 50 காசின் சிங்கமீன், இவையெல்லாம் எனக்குப் பள்ளிக்கு முன்னாலேயே பழக்கம். 1985-இல் மலர்கள் போட்ட புது நாணய வரிசை வந்தபோது நான்கு மொழிகளில் நாட்டின் பெயர் இருப்பதைக் காட்டி, 'சிங்கப்பூர்' என்ற எழுத்துகளை ஒவ்வொன்றாக அப்பா என்னைத் தடவிப் படிக்க வைத்தார். எனக்கு அப்போது ஆறு வயது.

ஒரு தீபாவளிக்கு அம்மா குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். மீந்த புளியை நாங்கள் வெண்கலக் காசுகளில் தேய்த்தோம். புதுசு மாதிரி மின்னியது. கொஞ்ச நாளில் திட்டுத் திட்டாகக் கறுத்து, அந்தப் பழைய பழுப்பு நிறம் திரும்ப வரவே இல்லை.

சரி, கடைக்கு வருகிறேன். இதற்கு முன்னால் வேறொரு கடைக்குப் போயிருந்தேன், அங்கே டின்னைத் திறந்துகூடப் பார்க்காமல் மொத்தத்துக்கும் ஐம்பது வெள்ளி என்றார்கள். அந்தச் சொல் மனதில் முள்ளாகத் தைத்தது. இங்கே இருந்த சீன அங்கிளுக்கு எழுபது வயது இருக்கும். மேசையில் வெல்வெட் தட்டை வைத்து, காசுகளைப் பரப்பி, ஒவ்வொன்றையும் விளிம்பில் மட்டும் பிடித்துப் பார்த்தார். முக்கால் மணி நேரம். நடுவில் வந்த வாடிக்கையாளரையும் காத்திருக்கச் சொல்லிவிட்டார். புளி விஷயத்தை நானே சொன்னேன். கழுவித் தேய்த்த நாணயத்தின் மேல்பரப்பு போய்விடும், விலையும் போய்விடும், இனி தொடாதே, ஆனால் அப்பா தேய்த்த காசு என்று தனியாக வைத்துக்கொள் என்றார்.

பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் வாங்கிய நாணய ஆல்பத்தில் இருந்தவை பச்சையாகப் பிசுபிசுத்திருந்தன. மெத்தென்ற பிவிசி பிளாஸ்டிக் உறை நாளடைவில் உலோகத்தை இப்படித்தான் கெடுக்குமாம். ஒன்றை மட்டும் எடுத்து ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் அசிட்டோன் என்ற கரைப்பானை ஊற்றிப் போட்டார், தேய்க்கவில்லை, சும்மா ஊறவிட்டார். எடுத்து மெல்லிய தாளில் வைத்தபோது பச்சை கரைந்து, 20 காசும் அதன் வாள்மீனும் தெளிவாகத் தெரிந்தன. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

விலை பற்றி நேர்மையாகப் பேசினார். டின்னில் இருப்பவை பெரும்பாலும் எல்லார் வீட்டிலும் இருப்பவை, விற்றால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது, வைத்துக்கொள்வதே மேல் என்றார். என்னிடமிருந்து ஒன்றையும் வாங்கப் பார்க்கவில்லை. நான் வாங்கியது நாணயம் வைக்கும் அட்டை உறைகள் நூறு, பிறகு ஒரு நாணயம். அப்பாவின் கோடு போட்ட நோட்டில் எல்லாவற்றுக்கும் டிக் இருக்க, 'மலாயா போர்னியோ, 1 காசு, வட்டம், 1962' என்ற வரிக்கு மட்டும் டிக் இல்லை. சிங்கப்பூர் நாணயம் வருவதற்கு முன் இங்கே புழங்கிய காசு அது. சதுரக் காசு நிறைய இருந்தது, வட்டம் கிடைக்கவே இல்லை. அங்கிள் ஒரு பிஸ்கட் டின்னைக் கிளறி இரண்டே நிமிடத்தில் எடுத்துத் தந்தார், இரண்டு வெள்ளி.

குறை என்றால், இடம் ரொம்பக் குறுகல், மூன்று பேர் நின்றால் மூச்சு முட்டும். எதிலும் விலை எழுதியிருக்காது, கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அட்டை உறை இணையத்தில் இதைவிட மலிவு. கார்டு வாங்கமாட்டார், ரொக்கம் அல்லது கைப்பேசியில் அனுப்பும் பேநவ். மதியம் சாப்பிடப் போனால் எப்போது திரும்புவார் என்று சொல்ல முடியாது, அதனால் காலையிலேயே போய்விடுங்கள். மின்தூக்கி இருக்கிறது, ஆனால் கடைத்தொகுதி வாசலில் நான்கு படி ஏற வேண்டும். அப்பாவுக்கு இப்போது முட்டி வலி, இருந்தும் வட்டக் காசைக் கையில் வைத்ததும், கூட்டிக்கொண்டு போ, அந்த மனிதரைப் பார்க்கணும் என்றார். சனிக்கிழமை போகிறோம், காந்தத்தையும் எடுத்துக்கொண்டு.