சசோரி வரிசை: முதல் படமா, இரண்டாம் படமா?

ஜப்பானின் பெண்கள் சிறைப் படங்களில் ஒன்றே ஒன்றைப் பார்க்க நேரமிருந்தால், சசோரி (‘தேள்’) வரிசையின் இரண்டாம் படத்தைப் பாருங்கள். மெய்கோ காஜி நடித்த நான்கையும் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

பின்னணி எல்லோருக்கும் தெரிந்ததுதான். மூலம் தோரு ஷினோஹாராவின் மங்கா (ஜப்பானியச் சித்திரக்கதை), டோயெய் நிறுவனத் தயாரிப்பு, 1972, 73 ஆண்டுகளில் நான்கு படங்கள். முதல் மூன்றும் ஷுன்யா இட்டோ இயக்கியவை. நம்பிக் காதலித்த போலீஸ்காரனின் துரோகத்தால் சிறைக்குப் போகிற மாட்சுதான் நான்கிலும் நாயகி.

முதல் படம் இட்டோவுக்கும் முதல் படம். அந்தத் துணிச்சல் அசாத்தியமானது. காதலன் காட்டிக்கொடுக்கும் கட்டத்தில் செட்டே நாடக மேடைபோலச் சுழல்கிறது. வெள்ளைத் துணியில் படியும் ரத்தம் ஜப்பானியக் கொடியாகிறது. ஆனால், டைட்டில் ஓடும்போதே கைதிகளை நிர்வாணமாக வரிசையில் நடக்க வைக்கிறார்கள். டிக்கெட் வாங்கி வந்தவர்களுக்காக வைத்த காட்சி அது. அதுபோல இன்னும் சில உண்டு.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது ஒரே விஷயம்: படத்தை மறுபடி பார்க்க முடிகிறதா? இந்த வகைப் படங்களில் அதிர்ச்சி முதல் தடவையோடு தீர்ந்துவிடும். அப்புறம் மிஞ்சுவது, கேமரா யார் பக்கம் நிற்கிறது என்பதுதான். முதல் படத்தில் அது சில இடங்களில் காவலர்களோடு சேர்ந்து நின்று வேடிக்கை பார்க்கிறது. மறுபடி பார்க்கையில் அந்த இடங்களை ஓட்டிவிடத் தோன்றுகிறது. இரண்டாம் படத்தில் எதையும் ஓட்டத் தோன்றியதில்லை.

பாதாள அறையில் கட்டிப்போடப்பட்ட மாட்சு, வாயில் ஒரு கரண்டியைக் கவ்வி, தரையில் தேய்த்துத் தேய்த்துக் கூராக்குகிறாள். தொடக்கமே அதுதான். ஆறு பெண்களோடு தப்பி ஓடுகிறாள். பாழடைந்த கிராமத்தில் ஒரு கிழவி, ஒவ்வொருத்தியும் செய்த குற்றத்தைப் பழைய மேடை மரபுப்படி பாட்டாகச் சொல்கிறாள். கதை அங்கே நின்று, அதுவரை வெறும் கைதிகளாகத் தெரிந்தவர்களுக்கு ஒரு வாழ்க்கை கிடைக்கிறது. பிறகு, சீனப் போரில் பெண்களை என்ன செய்தோம் என்று பெருமையடிக்கும் சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள். தப்பியவர்களில் ஒருத்தி அவர்களிடம் சிக்கிச் சாகும்போது அருவியே சிவந்துவிடுகிறது. வன்முறைக்குப் பெயரும் வரலாறும் இருக்கிறது இங்கே.

காஜி இதில் பேசுவது ஓரிரு வரிகள்தான். மீதியெல்லாம் கண்கள். எதிரில், தப்பியவர்களில் ஒருத்தியான ஓபாவாக வரும் கயோகோ ஷிராயிஷி மேடை நாடகக்காரர். உடம்பையே குரலாக்கி அலறுகிறார். ஒருத்தி அலற அலற, இன்னொருத்தியின் மௌனம் கனத்துக்கொண்டே போகிறது. எத்தனை தடவை பார்த்தாலும் அதில் புதிதாக ஏதோ அகப்படுகிறது.

மூன்றாவதில், கைவிலங்கால் தன்னோடு பிணைத்த போலீஸ்காரனின் கையை வெட்டி, அது தொங்கத் தொங்க மாட்சு ஓடும் தொடக்கம் மறக்காது. படம் முழுக்கச் சோகம் அதிகம். நான்காவது யாசுஹாரு ஹசேபேயுடையது. எனக்குச் சாதாரணமாகப் பட்டது. மறுபடி பார்க்கவில்லை என்பதால் அடித்துச் சொல்லமாட்டேன்.

முன்கதை தெரியாமல் இரண்டாவதைத் தொடங்கினால் குழப்பம் வருமா என்றால், பெரிதாக வராது. சிறை அதிகாரிக்கு ஏன் ஒரு கண் இல்லை என்பது மட்டும் முதல் படத்தில் இருக்கிறது. பாலியல் வன்முறையைத் திரையில் பார்க்கவே முடியாதவர்கள் நான்கையும் தவிர்த்துவிடுவது நல்லது. சரி, மற்றவர்கள் இரண்டு, மூன்று, அப்புறம் முதலாவது என்ற வரிசையில் பாருங்கள்.