எலுமிச்சை பிழியும் கருவி: எவர்சில்வருக்குக் கூடுதல் விலை தகுமா?

கோடையில் நாள்தோறும் எலுமிச்சைச் சாறும் சர்பத்தும் கலக்கும் வீடுகளுக்கென்றே பாத்திரக் கடைகளில் கைப்பிடியை மடக்கி அழுத்தும் சிறு பிழிவான் விற்கப்படுகிறது. மஞ்சள் அல்லது பச்சை வண்ணம் பூசிய அலுமினியத்தில் ஒரு வகையும், எவர்சில்வரில் ஒரு வகையும் கிடைக்கின்றன. இரண்டையும் பயன்படுத்திப் பார்த்த பிறகு, விலை கூடுதலானாலும் எவர்சில்வரையே வாங்கலாம் என்று சொல்வேன். எலுமிச்சைச் சாற்றில் உள்ள சிட்ரிக் அமிலம் அலுமினியத்தை அரிக்கக்கூடியது. அதைத் தடுக்கவே வண்ணப் பூச்சு இருக்கிறது. ஆனால் பழம் அழுந்தும் குழியின் விளிம்பில்தான் அந்தப் பூச்சு முதலில் உரிகிறது. என்னிடமிருந்த அலுமினியப் பிழிவானில் உரிந்த இடம் நாளடைவில் கறுத்து, சாற்றிலும் லேசான உலோக வாடை ஏறியது.

கருவியின் உண்மையான பயன் வேகத்தைவிடச் சுவையில்தான் தெரிகிறது. கையால் பிழியும்போது விதைகள் சாற்றில் விழுகின்றன. அவற்றோடு சேர்த்துக் கலக்கி வைத்த பானம் சற்று நேரத்தில் கசக்கத் தொடங்குகிறது. பிழிவானின் துளைகள் விதையைத் தடுத்துவிடுகின்றன. ஆனால் பழத்தை வைக்கும் முறை முக்கியம். குழியின் வடிவத்தைப் பார்த்துப் பலரும் தோல் கீழே இருக்கும்படி வைக்கிறார்கள். அப்படி வைத்தால் சாறு பக்கவாட்டில் பீறிட்டுச் சட்டையில்தான் விழும். வெட்டிய முகம் துளைகளைப் பார்த்துக் கவிழ்ந்திருக்க வேண்டும். அழுத்தியதும் மூடி உள்பக்கம் வெளியாகப் புரண்டு சக்கையாகிவிடும். அதற்கு மேலும் பலம் கொடுத்து நசுக்கினால் தோலின் எண்ணெயும் வெள்ளைப் பகுதியின் கசப்பும் இறங்கும் என்பதால், சாறு சொட்டுச் சொட்டாக மாறியதும் நிறுத்திவிடுவது நல்லது.

நடுத்தர அளவுள்ள, தோல் மெலிந்து கனமாக இருக்கும் ஒரு பழத்தில் 15 முதல் 20 மில்லி வரை சாறு வருகிறது. 250 மில்லி குவளைக்கு அது போதும். 2022 கோடையில் நடந்ததுபோல ஒரு பழம் 10 ரூபாயைத் தாண்டும் நாட்களில், கையில் பிழிந்தால் மூடியிலேயே தங்கிவிடும் சாறும் கணக்கில் வரும். தென்காசி மாவட்டத்துப் புளியங்குடிச் சந்தையிலிருந்து வரும் நாட்டு எலுமிச்சை குழியில் கச்சிதமாக உட்காருகிறது.

எலுமிச்சை சோடாவுக்குச் சர்க்கரையை நேரடியாகப் போடக் கூடாது. சர்க்கரைப் பரல் பட்டதும் சோடா பொங்கி வழிந்து, உள்ளே இருக்க வேண்டிய வாயு வீணாகிறது. சம அளவு சர்க்கரையும் தண்ணீரும் சேர்த்துக் கொதிக்கவைத்து ஆறிய பாகை, சாற்றோடும் ஒரு சிட்டிகை உப்போடும் முதலில் கலந்துவிட்டு, நன்கு குளிர்ந்த சோடாவைக் கடைசியில் குவளையின் ஓரமாக ஊற்ற வேண்டும். கரண்டியால் ஒரே ஒரு சுற்றுப் போதும். நன்னாரி சர்பத்துக்கு இத்தனை கவனம் வேண்டாம்: இரண்டு மேசைக்கரண்டி நன்னாரிப் பாகு, அரை மூடிச் சாறு, குளிர்ந்த தண்ணீர், விருப்பமிருந்தால் ஊறிய சப்ஜா விதை. எலுமிச்சை கூடினால் நன்னாரியின் வேர்மணம் அமுங்கிவிடும் என்பதால் அரை மூடியைத் தாண்ட வேண்டாம். இஞ்சி சேர்ப்பவர்கள் இஞ்சிச் சாற்றைச் சற்று நேரம் தெளியவைத்து, அடியில் படியும் வெள்ளை மாவை விட்டுவிட்டு மேலே நிற்பதை மட்டும் எடுத்தால் பானம் கலங்காது. புதினாவை அரைக்காமல் உள்ளங்கையில் கசக்கிப் போட்டாலே போதும். மிக்சியில் அரைத்த புதினா பச்சை வாடை அடிக்கிறது.

குறைகளும் உண்டு. நார்த்தங்காய் இதில் நுழையவே நுழையாது. சாத்துக்குடியை நான்காக அரிந்து வைத்தாலும் பாதிச் சாறு சக்கையோடு போய்விடுகிறது. அதற்கு நடுவில் கூம்பு வைத்த, பழத்தைத் திருகிப் பிழியும் தட்டுதான் சரி. (சாத்துக்குடிச் சாறு நேரம் ஆக ஆகக் கசப்பேறும் இயல்புடையது, எதில் பிழிந்தாலும் உடனே குடித்துவிட வேண்டும்.) கைப்பிடிகள் இணையும் மூட்டில் நார் சிக்கிக்கொள்வதால், பயன்படுத்தியதும் கழுவாமல் விட்டால் மறுநாள் பழைய பல் துலக்கியைக் கொண்டு தேய்க்க வேண்டியிருக்கும். மூட்டு வலியுள்ள முதியவர்களுக்குக் கைப்பிடி நீளமான மாதிரி எளிது. கடையில் வாங்கும்போது வெறுமனே இரண்டு முறை மடக்கிப் பார்த்து, மேல் குழி பக்கவாட்டில் ஆடாமல் கீழ்க் குழிக்குள் நேராக இறங்குகிறதா என்று கவனித்து வாங்கவும்.