லிட்டருக்குக் காசா, சொட்டுகூட விடாமலா?

திருப்பூர் பனியன் விலையில் நூல், சாயம், கூலி எல்லாம் இருக்கும். சாயக்கழிவோடு நொய்யல் ஆற்றில் கலந்த உப்பின் செலவு இருக்காது. அதை ஒரத்துப்பாளையம் பக்கத்து விவசாயி சுமந்தார். பாசனத்துக்கென்று கட்டிய அணையில் சாயக்கழிவு தேங்கியது. விளைநிலம் காய்ந்தால் மண்மேல் வெள்ளையாக உப்புப் பூத்தது.

2006இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளுக்கு அபராதம் போட்டது. வெளியே விடும் கழிவுநீர் லிட்டருக்கு 6 பைசா, அப்புறம் படிப்படியாக 10 பைசா. அடுத்தவருக்குச் செய்யும் கேட்டுக்கு ஏற்ப வரி போடலாம் என்று பொருளியலாளர் பிகு 1920இல் சொன்னதற்கு நெருங்கிய வழிதான். ஆனால் காசைக் கட்டிவிட்டுக் கழிவை விடலாம். கிணறு கெட்டது கெட்டதுதான்.

2011இல் பட்டறைகளை மூடவே உத்தரவு வந்தது. சொட்டுக் கழிவும் வெளியேறாது என்றால்தான் திறக்கலாம். இதில் சுத்திகரிப்புச் செலவு பட்டறைக் கணக்கிலேயே ஏறுகிறது, தண்ணீரும் சாயத்தொட்டிக்கே திரும்புகிறது. கழிவுநீரை ஆவியாக்க எரிபொருள் வேண்டும், உப்புக் கசடு மிஞ்சும். சரி, இருந்தாலும் நான் இந்தப் பக்கம்தான். ஆற்றங்கரையில் மாடு மேய்க்கிறவரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லையே.