"ஒரே வாரத்தில் பழக்கித் தருகிறேன்" என்பவரிடம் குட்டியை விடாதீர்கள்

புதிதாக நாய்க்குட்டி வளர்ப்பவர்கள் யாரும் இப்படி ஏமாந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். "குட்டியை என்னிடம் விடுங்கள். ஒரே வாரம். அதற்குப் பிறகு வீட்டுக்குள் ஒரு சொட்டு மூத்திரம் போகாது, உத்தரவாதம்" என்றார் ஒரு பயிற்சியாளர். மூன்று மாதக் குட்டியை அவரிடம் விட்டோம். முழுப் பணத்தையும் முதலிலேயே வாங்கிக்கொண்டார்.

தினமும் வீடியோ வரும். குட்டி ஒரு பாயின் மேல் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருக்கும். "எவ்வளவு அடக்கம் பாருங்கள்" என்று கீழே ஒரு வரி. எந்த வீடியோவிலும் தண்ணீர்க் கிண்ணம் கண்ணில் படவில்லை. கேட்டால், "தண்ணீரைக் குறைத்தால்தான் சீக்கிரம் பழகும்" என்கிறார்! அன்றே போய்க் குட்டியை அழைத்து வந்துவிட்டோம்.

வீட்டுக்கு வந்ததும் என் தம்பி செய்தித்தாளை மடித்தான். அந்தச் சரசரப்புக்கே குட்டி தரையோடு ஒட்டிப் படுத்து, காதுகளைப் பின்னால் மடக்கி, படுத்த இடத்திலேயே சிறுநீர் விட்டது. போனில் கேட்டபோது அவர் மறுக்கவே இல்லை. "பேப்பரைச் சுருட்டி நாலு தட்டுத் தட்டி, மூக்கை அதிலேயே தேய்த்தால்தான் புத்தி வரும்" என்றார்.

இப்போது வெளியே அழைத்துப் போனால் எங்கள் எதிரில் அது சிறுநீர் போவதே இல்லை. அடக்கிக்கொண்டு உள்ளே வந்து, சோபாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு அங்கே போகிறது. தன் மலத்தைத் தானே தின்னவும் தொடங்கியது. கால்நடை மருத்துவர் சிறுநீரைப் பரிசோதித்துவிட்டுத் தொற்று என்றார்; தண்ணீர் இல்லாமல் வைத்திருந்தால் இப்படி வரக்கூடும் என்றும் சொன்னார். எதற்கு அடித்தார்கள் என்பது குட்டிக்குத் தெரியாது. மனிதர் கண்ணில் பட்டால் அடி விழும் என்பது மட்டும்தான் அதற்குப் புரியும். அதனால்தான் ஒளிகிறது, தடயத்தையும் தின்று மறைக்கப் பார்க்கிறது என்று மருத்துவர் விளக்கியபோது எனக்கு நெஞ்சு பதறியது.

இந்த வயதுக் குட்டியால் பகலில் மூன்று, நான்கு மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்கவே முடியாது. பல குட்டிகளுக்கு அந்தக் கட்டுப்பாடு வர ஆறு மாதம்கூட ஆகும். உடம்பே தயாராகாதபோது ஒரு வாரத்தில் எந்த உத்தரவாதம்? இன்னொன்றும் சொல்ல வேண்டும்: தடுப்பூசி அட்டையை அந்தப் பயிற்சியாளர் கேட்கவே இல்லை. அங்கே பல குட்டிகளை ஒன்றாக வைத்திருந்தார். குட்டிகளின் உயிரையே பறிக்கக்கூடிய பார்வோ வைரஸ் மலத்தின் வழியாகப் பரவி, மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். குட்டிகளுக்கான தடுப்பூசி வரிசை முடியவே சுமார் 16 வாரம் ஆகும். அதற்குள் அந்த வைரஸ் தொற்றாமல் திரும்பியது எங்கள் அதிர்ஷ்டம்.

யாரிடமாவது விடத்தான் வேண்டும் என்றால், சொல்லாமல் வந்து பார்க்கலாமா என்று முதலில் கேளுங்கள். தவறான இடத்தில் போய்விட்டால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். "பேசாமல் துடைத்துவிட்டு, அடுத்த முறை சீக்கிரமாக வெளியே அழைத்துப் போவேன்" என்பதுதான் சரியான பதில். தண்டனை என்ற சொல் வந்தாலே எழுந்து வந்துவிடுங்கள்.

மருத்துவர் சொன்னபடி இப்போது நாங்களே பழக்குகிறோம். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் அதே இடத்துக்கு நீளக் கயிற்றில் அழைத்துப் போய், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு நிற்கிறோம். போய் முடித்த அந்த நொடியே தின்பண்டம். வீட்டுக்குள் வந்து கொடுத்தால் எதற்குக் கிடைத்தது என்று அதற்கு விளங்காது. உள்ளே போன இடங்களை சிறுநீர் வாடையை முறிக்கும் என்சைம் கலந்த திரவத்தால் துடைக்கிறோம். அம்மோனியா உள்ளது வேண்டாம், அந்த வாடை சிறுநீரைப் போலவே இருந்து மறுபடி அங்கேயே இழுக்கும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டோம். "பாதியில் அழைத்துப் போனதால் உத்தரவாதம் செல்லாது" என்கிறார். அவர் கொடுத்த ரசீதில் அப்படி ஒரு நிபந்தனையே இல்லை. வீடியோக்களையும் மருத்துவ அறிக்கையையும் இணைத்துப் புகார் கொடுத்திருக்கிறோம். உங்கள் குட்டிக்கும் இப்படி நடந்திருந்தால் வந்த செய்திகள் எதையும் அழிக்காமல் வைத்திருங்கள்.