எச்சரிக்கை வாசகமா, குழந்தைப் படத்துக்குத் தடையா? பால் பேணி லேபிளின் பழைய வழக்கு

கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டில் அரிசி அளக்கும் சுண்டு சீனி போட்டுக் கெட்டியாக்கிய டின்பால் வந்த ஒரு பழைய பேணி. லேபிள் முதல் தடவை கழுவும்போதே உரிந்துபோனது. தகரம் இன்னும் உழைக்கிறது. குழந்தைப் பாலின் லேபிளில் சட்டம் எதைக் கட்டாயமாக்க வேண்டும் என்ற பேச்சு வந்தால் எனக்கு அந்தப் பேணிதான் நினைவுக்கு வருகிறது.

ஒரு வழி, எச்சரிக்கை வரி. கொழுப்பு நீக்கிய டின்பாலில் 'குழந்தைகளுக்கு உகந்ததல்ல' என்று அச்சிடும்படி பிரித்தானியாவின் 1923 ஆம் ஆண்டு விதிகள் கட்டளையிட்டன. காரணம் உண்மையானது: கொழுப்போடு விற்றமின் ஏயும் போய்விடும், அந்தப் பாலையே நம்பி வளரும் குழந்தைக்குக் கண் கெடும். வியாபாரிக்கும் வலிக்காத வழி இது. ஒரு வரி அச்சிட்டால் சரக்கு கடையிலேயே இருக்கும், பழி மட்டும் வாங்கியவள் தலையில் விழும். ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் சீனியாக இருந்தும், கொழுப்பு நீக்காத டின்பாலுக்கு அந்த வரியும் தேவைப்படவில்லை.

குடியேற்ற நாடுகளில் இது இன்னும் மோசம். ஆங்கிலம் வாசிக்காத தாய்க்கு ஆங்கில எச்சரிக்கை வெறும் அலங்காரம். தமிழிலும் சிங்களத்திலும் போட்டால் போதும் என்பவர்களுக்கு ஒரு கேள்வி: பேணியைக் கடைக்காரர் உடைத்து, சிரட்டையில் ஊற்றிச் சில்லறையாகக் கொடுத்தால் வாசிக்க லேபிள் எங்கே?

சிங்கப்பூரில் வேலை செய்த மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், 1939 இல் அங்குள்ள றோட்டறிக் கழகத்தில் 'பாலும் கொலையும்' என்ற தலைப்பில் பேசியபோது சாடியது விளம்பரத்தை. குழந்தை உணவு பற்றிய தவறான பிரசாரத்தால் நேரும் சாவுகளைக் கொலையாகவே கருத வேண்டும் என்றார். பொட்டில் அறைந்தது போன்ற பேச்சு. நான் அவர் பக்கம்.

அந்தப் பக்கத்திலிருந்து வந்த வழிதான் படத்துக்குத் தடை. உலக சுகாதார நிறுவனத்தின் 1981 ஆம் ஆண்டு நெறிக்கோவை, குழந்தைப் பால்மாவின் லேபிளில் குழந்தைப் படமோ, அந்தப் பாலை உயர்த்திக் காட்டும் படமோ வாசகமோ கூடாது என்கிறது. தாய்ப்பாலின் மேன்மையைப் பொருத்தமான மொழியில் சொல்ல வேண்டும். இன்னொரு விதி எனக்குப் பிடித்தது: டின்பாலைக் குழந்தைப் பாலாக மாற்றும் செய்முறை அதன் லேபிளில் இருக்கக்கூடாது. கொழுகொழு முகத்துக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை என்பதால், அதை நீக்குவது எழுத்தறியாதவளையும் காக்கிறது. வரியால் அது முடியாது.

ஆனாலும் இதில் ஓட்டை இல்லையென்று சொல்லமாட்டேன்; படம் போனாலும் நிறம் அதன் வேலையைச் செய்யும். போன மாதம் வெள்ளவத்தையில் ஒரு மருந்துக்கடையில் பார்த்தேன்: கைக்குழந்தைக்கான பேணியும் வளர்ந்த பிள்ளைக்கான பேணியும் ஒரே நிறம், ஒரே எழுத்து, இலக்கம் மட்டும் வேறு. எனக்கு முன்னால் நின்ற அம்மா ஒன்றையும் வாசிக்கவில்லை. நீல மூடிப் பேணி என்று விரலால் காட்டினார். கடைப் பையன் எடுத்துக் கொடுத்தான்.